தாளிப்புப் புகையில் ஒரு கவிதை

அடுக்களை வேலையைப் பாட்டாக்கியவர் சங்கப் புலவர் கூடலூர் கிழார். குறுந்தொகையின் 167-ஆவது பாடல் அது; மொத்தமே 6 அடிகள்.

புதுக்குடித்தனம் நடத்தும் பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். தயிர் படிந்த விரலை ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். மை தீட்டிய கண்ணில் தாளிப்புப் புகை ஏறுகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிப்பான குழம்பைக் கணவன் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட, அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி. அந்த வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், பெற்றவளிடம் சொல்வதாக அமைந்த பாட்டு இது.

கறையையும் புகையையும் மறைக்காமல் பாடியதுதான் இதன் அழகு. இன்று இரவு உங்கள் வீட்டில் சமைத்தவரிடம், சாப்பாடு ருசியாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.