“ஸ்கூல் பிடிக்கலை” என்று பிள்ளை சொன்னால்

எட்டாம் வகுப்பு வரை தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலோ பிளஸ் ஒன்னிலோ திடீரென்று மாறிவிடுகிறார்கள். காலையில் எழுப்பினால் சிடுசிடுப்பு. “டெஸ்ட் எப்படி எழுதினே?” என்று கேட்டால் முகம் திருப்பல். கொஞ்சம் அழுத்திக் கேட்டால், “எனக்கு ஸ்கூலே பிடிக்கலை, விடு” என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பெற்றோருக்கு ஒரு பக்கம் கோபம், மறுபக்கம் பயம். இரண்டும் சேர்ந்து வாயில் வருவது திட்டாகத்தான் இருக்கிறது.

“பிடிக்கலை” என்ற அந்த ஒரு சொல்லுக்குள் பல காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. காரணம் தெரியாமல் டியூஷனை மாற்றுவதோ போனைப் பிடுங்குவதோ பலன் தராது. எனவே காரணத்தைத் தேடுவதுதான் முதல் வேலை.

முதலில் உடம்பைப் பாருங்கள்

பருவமடையும் வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. பத்து மணிக்கே படுக்க வைத்தாலும் பல பிள்ளைகளுக்குத் தூக்கம் வராததற்கு இது ஒரு காரணம். ஆனால் 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டியூஷன் முடிந்து வீடு திரும்ப இரவு 8.30. சாப்பிட்டு, ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்க 10.30. அதன்பிறகு கொஞ்சம் போன் பார்த்துவிட்டுப் படுக்க 12. காலை ஸ்பெஷல் கிளாசுக்காக 5.30க்கு எழுப்புகிறோம். மொத்தமே ஐந்தரை மணி நேரம். பல மாதம் இப்படித் தூங்கினால் பெரியவர்களுக்கே எரிச்சல் வரும். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காலை 8.30க்கு முன்னால் பள்ளி தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல் பரிந்துரைத்ததும் இதனால்தான்.

அடுத்தது ரத்தசோகை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் சோர்வு வரும், படிப்பில் கவனம் நிற்காது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா என்றும் கேளுங்கள். கண் பரிசோதனையும் அவசியம். போர்டில் எழுதுவது தெரியாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, பாடத்தையே வெறுத்துவிடலாம்.

பள்ளியில் எங்கே வலிக்கிறது?

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ். பின்னமும் இயற்கணிதமும் சரியாகப் பிடிபடாத பிள்ளையும் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடும். அங்கே பாடம் ஒரேயடியாகக் கனக்கிறது. புரியாத வகுப்பில் தினமும் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை. “எனக்குப் புரியவில்லை” என்று சொல்வது அவமானம். “எனக்குப் பிடிக்கவில்லை” என்று சொன்னால் கௌரவம் மிஞ்சும். பல பிள்ளைகள் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள்.

தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியவர்களுக்கும் இதே நிலைமைதான். பிளஸ் ஒன்னில் சேர்ந்த பிள்ளையென்றால் குரூப்பைப் பற்றிக் கேளுங்கள். பயோ மேத்ஸ் குரூப்பைத் தேர்ந்தெடுத்தது யார்? அப்பாவின் ஆசையில் சேர்ந்த பிள்ளைக்குக் காமர்ஸ் பிடித்திருக்கலாம். அல்லது கையால் செய்யும் வேலையில் ஆர்வம் இருக்கலாம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ. உண்டு, மூன்று ஆண்டு பாலிடெக்னிக் உண்டு. டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேரவும் வழி இருக்கிறது. இவை எதுவும் தோற்றவர்கள் போகிற பாதையல்ல.

சிறு வயதிலிருந்தே வாசிக்கத் தடுமாறி, எழுத்தை மாற்றி எழுதும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை அங்கீகரிக்கிறது. முறைப்படி பரிசோதித்துச் சான்று பெற்றால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு.

இன்னொரு வகை காரணமும் இருக்கிறது. உடன் படிக்கிறவர்களின் கேலி, நிறத்தையோ சாதியையோ சொல்லி இழிவுபடுத்துவது, வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட ஒரு போட்டோ, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தும் ஆசிரியர். ஞாயிறு மாலையில் வரும் வயிற்றுவலி, லீவு நாளில் காணாமல்போகும் தலைவலி ஆகியவற்றை நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். பயம் உடம்பில் உண்மையான வலியாகவே வரும்.

எப்படிக் கேட்பது?

வீட்டுக்குள் நுழைந்ததும் “இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லை” என்ற பதில்தான் வரும். முதலில் சாப்பிடட்டும். பிறகு பைக்கில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காமல், சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். ஒரு பேச்சு இப்படிப் போகலாம்:

“கெமிஸ்ட்ரி சார் இப்போ எந்தப் பாடம்டா நடத்துறாரு?”

“என்னமோ... மோல் கான்செப்ட்.”

“புரியுதா?”

“யாருக்குமே புரியலம்மா. டவுட் கேட்டா, ‘டென்த்லயே படிச்சுட்டு வந்திருக்கணும்’னு எல்லார் முன்னாடியும் கேக்குறாரு.”

இந்த இடம் முக்கியம். “நீ ஒழுங்கா படிச்சிருந்தா அவர் ஏன் கேக்கப் போறாரு?” என்று அம்மா சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “எல்லார் முன்னாடியும்னா கஷ்டமாத்தான் இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டால் போதும். பிள்ளை இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டான்: பத்தாம் வகுப்புப் பாடத்தில் அடித்தளம் இல்லை, கேட்டால் அவமானம். இரண்டுக்கும் வழி தேடலாம்.

பெரியப்பா பையனோடு ஒப்பிடுவது, சொந்தக்காரர்கள் முன்னால் மார்க்கைப் பற்றிப் பேசுவது, “உனக்காக எவ்வளவு செலவு பண்றோம்” என்று கணக்குச் சொல்வது ஆகிய மூன்றையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அன்பும் வேண்டும், வரம்பும் வேண்டும்

திட்டமிடவும் உணர்ச்சியை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி, இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுமையாக முதிர்கிறது. அதற்காக எதைச் செய்தாலும் விட்டுவிடலாம் என்று பொருளில்லை. விதிகள் குறைவாக இருக்கட்டும், ஆனால் மாறாமல் இருக்கட்டும். கோபம் வரலாம், கெட்ட வார்த்தை கூடாது. உடம்பு சரியில்லாத நாள் தவிரப் பள்ளிக்குப் போக வேண்டும். இரவு பத்து மணிக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும். அப்பா அம்மா போனும்தான்.

அடிக்காதீர்கள். இந்த வயதில் அடி வாங்கும் பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது, படிக்கக் கற்றுக்கொள்வதில்லை.

கிளாஸ் டீச்சரைத் தனியாகப் பாருங்கள். “என் பையன் எப்படி?” என்று பொதுவாகக் கேட்காமல், “எந்தப் பாட வேளையில் சோர்ந்து போகிறான்? யாரோடு உட்காருகிறான்? மதியம் யாரோடு சாப்பிடுகிறான்?” என்று கேளுங்கள். விட்டுப்போன பாடத்துக்கு, கீழ்வகுப்புப் புத்தகத்தை எடுத்துத் தினமும் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். ஒரு கணக்கு தானாகப் போட வந்துவிட்டால், அந்தப் பாடத்தின் மேலிருக்கும் வெறுப்பு கொஞ்சம் குறையும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வெளிப்படும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சிடுசிடுப்பு, பிடித்த கிரிக்கெட்டையும் நண்பர்களையும் விடுவது, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பெரிய மாற்றம், பள்ளிக்கே போக மறுப்பது ஆகியவை இருந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். “செத்துடலாம்போல இருக்கு” என்று ஒருமுறை சொன்னாலும், உடம்பைக் காயப்படுத்திக்கொண்டாலும் ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் உடனே அழைத்துப் போங்கள்.

டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். பள்ளியில் அடியோ மனவதையோ நடந்தால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அதைத் தடை செய்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அதற்கும், யாராவது தகாத முறையில் நடந்துகொண்டாலும், சைல்டு லைன் 1098ஐ அழைக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

பொதுத்தேர்வில் ஒரு பாடம் போனால் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம். குரூப்பையும் பள்ளியையும்கூட மாற்றிக்கொள்ளலாம். “அம்மா அப்பாகிட்ட சொல்லலாம்” என்ற நம்பிக்கை போய்விட்டால்தான் மீட்பது கடினம். ஆகவே இந்த வாரம் ஒரு மாலையாவது, மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உங்கள் பிள்ளையோடு உட்காருங்கள். அவர்கள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.