கேம் கடைகளின் மல்லுக்கட்டு: இத்தனையும் நடந்தது தெரியுமா?

வெளியாக வெறும் 18 நாள் இருக்கும்போது ஒரு கேம் கடை மாறிப்போன கதை தெரியுமா? 2019 ஜனவரி 28. ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ பிப்ரவரி 15 அன்று வரவிருந்தது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அதன் பப்ளிஷர் டீப் சில்வர் அறிவித்தது: கம்ப்யூட்டரில் இந்த கேம் ஓராண்டுக்கு எபிக் கேம்ஸ் ஸ்டோரில் மட்டும்தான்! ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைக்கும், மற்றவர்கள் எல்லாம் புதுக்கடைக்கு வாருங்கள்! ஸ்டீம் சும்மா இருக்கவில்லை. அந்த கேமின் விற்பனைப் பக்கத்திலேயே, இது வாடிக்கையாளர்களுக்கு நியாயமில்லை என்று எழுதி வைத்துவிட்டது. இதைவிடப் பெரிய கூத்து, டீப் சில்வரோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த டிஹெச்க்யூ நார்டிக், ‘முடிவு எங்களுடையதல்ல, டீப் சில்வரை நடத்தும் கோச் மீடியாவினுடையது’ என்று பகிரங்கமாகவே கை கழுவியது!

அமெரிக்காவில் புதுக்கடையில் அதன் விலை 60 டாலரிலிருந்து 50 ஆகக் குறைந்திருந்தது என்பது இன்னொரு சங்கதி. விலை குறைந்தும் கொதித்தது கூட்டம். புது கேமைத் திட்ட ஸ்டீமில் இடம் இல்லையே, என்ன செய்வது? அதே வரிசையின் பழைய கேம்களான ‘மெட்ரோ 2033’, ‘லாஸ்ட் லைட்’ இரண்டையும் தேடிப்போய் ‘பரிந்துரைக்க மாட்டேன்’ என்று ரிவ்யூ போட்டுக் குவித்தார்கள். இதற்கு ‘ரிவ்யூ பாம்பிங்’ என்று பெயர். இரண்டே மாதத்தில் ‘பார்டர்லேண்ட்ஸ் 3’ எபிக்குக்குப் போகிறது என்ற செய்தி வந்ததும் அதன் அண்ணன்மாருக்கும் இதே அபிஷேகம். சம்பந்தமில்லாத ரிவ்யூக்களைக் கண்டுபிடித்து மதிப்பெண்ணிலிருந்து கழிக்கும் ஏற்பாட்டை ஸ்டீம் அப்போதுதான், 2019 மார்ச்சில், கொண்டுவந்திருந்தது. முதலில் காப்பாற்றியது யாரை? போட்டிக் கடைக்கு ஓடிய கேமின் அண்ணன்களை!

இத்தனை ரகளையும் எதற்கு என்று வெளியாள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் சண்டையிலாவது ஒரு கேமுக்காக இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். இங்கே கம்ப்யூட்டர் அதேதான், கேம் வாங்கி ஓட்ட உதவும் எபிக்கின் லாஞ்சரும் இலவசம். ஊரில் இரண்டு தியேட்டர் அடுத்தடுத்து இருக்க, படம் ஒன்றில் மட்டும் ரிலீஸ் ஆவது போலத்தான். ஆனால் அந்தப் பழைய தியேட்டரில்தான் நண்பர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், வாங்கிய நூற்றுக்கணக்கான கேம் இருக்கிறது, பத்து வருட விளையாட்டுக் கணக்கும் இருக்கிறது. புதுக்கடையிலோ அப்போது ரிவ்யூ எழுதக்கூட இடமில்லை. கோபத்தில் பாதி இதுதான் என்பது என் எண்ணம்.

சரி, ஸ்டீம் மட்டும் என்ன யோக்கியம்? இதைக் கேட்டால் இன்றைய ஸ்டீம் பக்தர்கள் நம்பவே மாட்டார்கள்! வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் ஸ்டீமைத் தொடங்கியபோது அதை விரும்பியவர்கள் குறைவு. 2004 நவம்பர் 16 அன்று ‘ஹாஃப் லைஃப் 2’ வந்தது. கடையில் காசு கொடுத்து டிஸ்க் வாங்கி வந்தவர்கூட ஸ்டீமைப் போட்டு, இணையத்தில் இணைந்து, அனுமதி வாங்கினால்தான் விளையாட முடியும்! அன்று சர்வர்கள் திணறின, ஜனம் திட்டித் தீர்த்தது. இருந்தும் அந்த ஒரு கேமுக்காக லட்சக்கணக்கானோர் ஸ்டீமை ஏற்றிக்கொண்டார்கள். பிறகு மற்ற நிறுவனங்களின் கேம்களும் வரத்தொடங்கின. உலகின் மிகப்பெரிய கம்ப்யூட்டர் கேம் கடைக்கு அஸ்திவாரமே ஒரு எக்ஸ்குளூசிவ்தான், அதாவது ஒரே கடையில் பூட்டிய கேம்தான்!

இன்னொன்று கேளுங்கள். 2021 கணக்குப்படி வால்வில் மொத்தம் 336 பேர்தான் வேலை செய்தார்கள், அதில் ஸ்டீமைக் கவனித்தவர்கள் 79 பேர்! ஒரு நீதிமன்ற ஆவணத்தில் மறைத்து வைத்திருந்த பகுதி சரியாக மறையாமல் வெளியே வந்த தகவல் இது. 79 பேர் கவனித்த கடை, விற்கும் 100 ரூபாயில் பொதுவாக 30 ரூபாயை எடுத்துக்கொள்கிறது. சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எபிக்கின் முதலாளி டிம் ஸ்வீனிக்கு இந்த 30 சதவீதம் கண்ணில் விழுந்த தூசி. 2018 டிசம்பரில் அவர் திறந்த கடையின் கமிஷன் 12 சதவீதம். எபிக்கின் கேம் தயாரிப்பு மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் செய்த கேமாக இருந்தால் எபிக்குக்குத் தர வேண்டிய 5 சதவீத ராயல்டியும் அந்த 12-க்குள்ளேயே அடக்கம்! ஆனால் அந்தக் கடையின் அறிவிப்புக்கு நான்கே நாள் முன்பு வால்வ் முந்திக்கொண்டது: 1 கோடி டாலரைத் தாண்டினால் கமிஷன் 25, 5 கோடியைத் தாண்டினால் 20. பெரிய கேமுக்குத் தள்ளுபடி, இரண்டு பேர் உட்கார்ந்து செய்த கேமுக்கு முழு 30! ஸ்வீனி கொதித்துப்போய் வால்வ் தலைவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினார். வசவோடு தொடங்கி, பலசாலிக்குச் சலுகை, எளியவனுக்கு மட்டும் 30 சதவீதமா என்று கேட்டார். அதைப் பார்த்த வால்வ் அதிகாரி ஒருவரின் எதிர்வினை, ‘என்ன தம்பி, கோபமா?’ என்கிற தொனியில் ஒரே வரி. பல ஆண்டுக்குப் பின் ஒரு வழக்கில் இந்த மடல்கள் வெளியே வந்து சிரிப்பாய்ச் சிரித்தன.

2019 ஏப்ரலில் ஸ்வீனி பகிரங்கமாகவே ஒரு பேரம் வைத்தார் தெரியுமா? ஸ்டீம் எல்லா டெவலப்பர்களுக்கும் நிரந்தரமாக 88 சதவீதம் தரட்டும், எக்ஸ்குளூசிவ் வேட்டையை உடனே நிறுத்துகிறேன் என்றார். வால்வ் அசையவில்லை. நடுவே வேறு சிலர் அசைந்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2021 ஆகஸ்டில் கம்ப்யூட்டர் கேம்களுக்கான கமிஷனை 12-க்கு இறக்கியது. இட்ச் என்கிற சின்னக் கடையிலோ கமிஷன் எவ்வளவு என்பதை விற்பவரே முடிவு செய்யலாம், பூஜ்யம் என்று போட்டாலும் கேள்வி கிடையாது!

இப்போது பணத்துக்கு வருவோம், மயக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நீதிமன்றத்தில் எபிக்கும் ஆப்பிளும் மோதிக்கொண்டன. வழக்கு ஐபோன் பற்றியது. ஆனால் சாட்சியமாக வந்த தாள்களில் எபிக் கடையின் கணக்குப் புத்தகமே திறந்துகொண்டது. ‘பார்டர்லேண்ட்ஸ் 3’ ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு 14.6 கோடி டாலர்! அதில் 8 கோடி, ‘விற்றாலும் விற்காவிட்டாலும் உங்களுக்கு இவ்வளவு நிச்சயம்’ என்று எபிக் கொடுத்த உத்தரவாதம். இந்த உத்தரவாதத் தொகைதான் எக்ஸ்குளூசிவ் வியாபாரத்தின் சூட்சுமம். விற்பனை அந்த அளவை எட்டும் வரை டெவலப்பருக்கு மேற்கொண்டு ஒன்றும் வராது. எட்டாவிட்டால் நஷ்டம் எபிக்குக்கு. கேம் செய்பவர் நிம்மதியாகத் தூங்கலாம். ‘பார்டர்லேண்ட்ஸ் 3’ அந்த 8 கோடியை இரண்டே வாரத்தில் விற்றுக் கொடுத்துவிட்டது! எல்லாக் குதிரையும் அப்படி ஓடவில்லை. 2020-ம் ஆண்டுக்கு மட்டும் எபிக் ஒப்புக்கொண்ட உத்தரவாதம் 44.4 கோடி டாலர். 2019-ல் கடைக்கு நஷ்டம் ஏறத்தாழ 18.1 கோடி.

‘கன்ட்ரோல்’ கேமின் கதையில் ரகசியம் உடைய நீதிமன்றம்கூடத் தேவைப்படவில்லை. அதன் பப்ளிஷரின் தாய் நிறுவனம் இத்தாலியப் பங்குச் சந்தையில் இருந்ததால், எபிக்கிடமிருந்து வந்த 94.9 லட்சம் யூரோவைக் கணக்கில் காட்டியே ஆக வேண்டியிருந்தது!

இத்தனை கோடியை அள்ளி வீச எபிக்குக்கு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? எல்லாம் ‘ஃபோர்ட்நைட்’ தந்தது. 2018, 2019 இரண்டே ஆண்டில் அது ஈட்டிய வருமானம் 900 கோடி டாலருக்கு மேல். விளையாடுவது இலவசம், பணம் வந்தது பொம்மைக்குப் போடும் சட்டையிலும் ஆடும் நடனத்திலும்.

கோபத்தில் பாதிக்குக் காரணம் பழக்கம் என்றேன் அல்லவா, மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது. ‘ஃபீனிக்ஸ் பாயின்ட்’ தெரியுமா? பழைய ‘எக்ஸ்-காம்’ கேமைப் படைத்த ஜூலியன் கோலப்பின் படைப்பு. 2017-ல் ரசிகர்களிடமே ஐந்து லட்சம் டாலர் கேட்டு, ஏழரை லட்சத்துக்கு மேல் வசூலித்தார்கள். கேம் முடிந்ததும் ஸ்டீமிலோ ‘கோக்’ என்ற இன்னொரு கடையிலோ தருவோம் என்பது வாக்கு. 2019 மார்ச்சில் வாக்கு மாறியது, முதல் ஓராண்டு எபிக்தான்! ‘ஷென்மூ 3’-ம் இதே கதை. 2015-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 63 லட்சம் டாலர் கொட்டிய ரசிகர்களிடம், 2019 ஜூனில் எபிக் என்றார்கள். இரண்டு இடத்திலும் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள், சரி. ஆனால் கேம் பிறக்கும் முன்பே நம்பிப் பணம் தந்தவனை இன்னொருவரிடம் கைமாற்றிவிட்டது உறுத்தத்தான் செய்யும். இதில் நான் ரசிகர் கட்சி.

அதே மூச்சில் இதையும் சொல்லியாக வேண்டும். ‘ஊப்லெட்ஸ்’ என்று குட்டிக் குட்டிப் பிராணிகள் நடனமாடும் ஒரு கேம். செய்தது இரண்டே பேர் கொண்ட குழு. 2019 ஆகஸ்டில், எபிக் தரும் உத்தரவாதப் பணம் இருந்தால் பயமில்லாமல் வேலையை முடிக்கலாம் என்று கொஞ்சம் கிண்டலான தொனியில் அறிவித்தார்கள். அவ்வளவுதான், ஆயிரக்கணக்கில் வசை, மிரட்டல், அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகப் போலி ஸ்கிரீன்ஷாட்! வாடிக்கையாளர் உரிமை என்று கொடி பிடித்தவர்கள் எத்தனை கோடி டாலர் பப்ளிஷரையும் இந்த அளவுக்குத் துரத்தவில்லை.

அதே மாதம் எதிர்த்திசையிலும் ஒரு சம்பவம் வெளியே வந்தது! ‘டார்க்யூ’ என்ற கேமைச் செய்தவருக்கு எபிக் வலை வீசியது. அவர் மறுத்தார். ஸ்டீமில் வருவதாக அறிவித்துவிட்டேன், இரண்டு கடையிலும் சேர்த்து விற்கிறேனே என்றார். எபிக் முடியாது என்றது. கமிஷன் குறைவாக இருந்தால் உலகுக்கு நல்லது என்று முழங்கும் கடை, அந்தக் குறைந்த கமிஷனை இவருக்குத் தர மறுத்தது! எபிக்கின் வாதத்தில் எனக்கு ஒட்டாத இடம் இதுதான். பின்னே 2021 அக்டோபரில் அதே ‘டார்க்யூ’ எபிக்கில் இலவசமாகவே கிடைத்தது.

கடை எப்படி இருந்தது என்று பார்த்தால் சிரிப்புத் தாங்காது. 2019 மே மாதம் எபிக்கின் முதல் மெகா சேல். தள்ளுபடி அள்ளுகிறது என்று அடுத்தடுத்து ஐந்து கேம் வாங்கியவர்களின் கணக்குகளை, மோசடியோ என்று சந்தேகப்பட்டு கடையே முடக்கியது! ஏன் ஒவ்வொன்றாக வாங்கினார்கள்? மொத்தமாக வாங்கக் கூடை இல்லை! கோடிகளை வாரி இறைத்த இந்தக் கடையில் ‘ஷாப்பிங் கார்ட்’ வந்தது 2021 டிசம்பரில், திறந்து மூன்று வருடம் கழித்து. அதற்கும் முன்பே, 2019 மார்ச்சில், எபிக்கின் லாஞ்சர் கம்ப்யூட்டரில் ஸ்டீம் வைத்திருந்த ஒரு கோப்பைச் சொல்லாமல் நகலெடுத்தது பிடிபட்டது. உளவு அல்ல, நண்பர் பட்டியல் வசதியை அவசரத்தில் செய்ததன் மிச்சம், தவறு என்னுடையது என்று ஸ்வீனியே ஏற்றுக்கொண்டார்.

இப்போது வருகிறது எனக்கு மிகப் பிடித்த கணக்கு! எபிக் கொடுக்கும் இலவச கேம்களுக்கு அது படைப்பாளிகளிடம் எவ்வளவு கொடுத்தது தெரியுமா? முதல் இலவச கேம் ‘சப்நாட்டிகா’. கொடுத்தது 14 லட்சம் டாலர், வந்த புதிய கணக்குகள் 8,04,052. ஒரு ஆளைக் கடைக்குள் அழைத்துவர இரண்டு டாலர்கூட ஆகவில்லை! முதல் ஒன்பது மாத இலவசங்களுக்கு மொத்தச் செலவே 1.16 கோடி டாலர்தான், அதில் வந்தவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். இதை ‘பார்டர்லேண்ட்ஸ்’ 14.6 கோடியோடு வைத்துப் பாருங்கள். 2020 மே மாதம் ‘ஜிடிஏ 5’ இலவசம் என்றதும் கூட்டம் தாங்காமல் எபிக் கடையே படுத்துவிட்டது! எக்ஸ்குளூசிவ்களில் சில நன்றாக ஓடின, பல நல்ல முதலீடு அல்ல, இலவசங்கள்தான் மாயாஜாலம் என்று 2024-ல் ஸ்வீனியே சொன்னார். ஐந்து வருடம் ஊரே அடித்துக்கொண்டது எதற்கோ, அது கடைக்காரருக்கே லாபமில்லை!

போனவர்கள் திரும்பிய கதையும் உண்டு. ஈஏ என்ற கேம் நிறுவனம் 2011-ல் ‘ஆரிஜின்’ என்று தனிக்கடை போட்டு ஸ்டீமிலிருந்து தன் புது கேம்களை நிறுத்தி, 2019-ல் திரும்பி வந்தது. 2019-ல் எபிக் பக்கம் சாய்ந்த யூபிசாஃப்ட் 2022 டிசம்பரில் ‘அசாசின்ஸ் க்ரீட் வல்ஹாலா’வோடு ஸ்டீம் வாசலில் நின்றது. ஸ்டீமோ, 2025-ல் ஒரே நேரத்தில் 4 கோடிப் பேர் இணைந்திருந்த சாதனையைக் கண்டது.

எபிக் கைவிட்டதா என்றால், இல்லை! 2025 ஜூன் முதல் ஒவ்வொரு கேமுக்கும் ஆண்டின் முதல் 10 லட்சம் டாலர் விற்பனைக்குக் கமிஷனே கிடையாது. கேமைத் தன் கடைக்குள் பூட்டிவைக்கும் பழக்கமும் முழுசாகப் போகவில்லை. எபிக்கே பணம் போட்டு 2023 அக்டோபரில் வெளியிட்ட ‘ஆலன் வேக் 2’, இரண்டு ஆண்டு கடந்தும் ஸ்டீமுக்கு வரவே இல்லை.