காரில் வாயு தீர்வதில்லை, கசிகிறது!

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், காஞ்சிபுரத்தின் வாகனப் பழுதுபார்ப்புக் கூடங்களில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப ஒலிக்கும்: "ஏசியில் குளிர்ச்சி இல்லை, கேஸ் நிரப்பிக் கொடுங்கள்". பட்டுப்புடவை வாங்கவும் கோயில்களை தரிசிக்கவும் வருவோரை ஏற்றி இறக்கும் வாடகைக் கார் ஓட்டுநர்களும் இதையே சொல்கிறார்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். மருத்துவரிடம் சென்று, நோய் என்னவென்று கேட்காமல், மருந்தின் பெயரை நாமே சொல்லி வாங்கி வருவதற்கு ஒப்பானது இது.

பெட்ரோல் தீர்ந்தால் நிரப்புவதைப்போல, குளிர்சாதன வாயுவும் ஓடஓடத் தீர்ந்துவிடும், ஆண்டுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது சரியன்று. அந்த நம்பிக்கைக்கு நாம் தரும் விலை, பழுதுபார்ப்புக் கூடத்தில் கட்டும் தொகையோடு முடிவதுமில்லை.

காரின் குளிர்சாதனம் குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துச் சென்று வெளியே கொட்டுகிறது. என்ஜினின் விசையால் சுழலும் கம்ப்ரசர், குளிர்பதன வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் அந்த வெப்பம் வெளிக்காற்றில் கலந்துவிட, வாயு திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே அத்திரவம் பாயும்போது அழுத்தம் சட்டெனக் குறைகிறது. டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைக் காருக்குள் சுழலும் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, மீண்டும் கம்ப்ரசருக்கே திரும்புகிறது.

இது ஒரு மூடிய சுற்று. இதில் வாயு எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. ரப்பர் குழாய்கள், இணைப்புகள் வழியே மிகச் சிறிதளவு பல ஆண்டுகளில் வெளியேறக்கூடும். ஆனால், கடந்த கோடையில் நிரப்பிய வாயு இந்தக் கோடையில் இல்லையென்றால், எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றும் வேலை.

தவிரவும், குளிர்ச்சி குறைவதற்கு வாயுக் குறைவு மட்டுமே காரணமன்று. கருவி எதுவும் இல்லாமலேயே, வாகன உரிமையாளர் சிலவற்றைக் கவனித்துப் பிரித்தறிய முடியும்.

முதலில், காற்றின் வேகத்தையும் குளிர்ச்சியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காற்று குளிர்ச்சியாக வருகிறது, ஆனால் குறைவாக வருகிறது என்றால், வாயுவைச் சந்தேகிப்பதற்கு முன் கேபின் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் இடப்பக்க முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியின் பின்புறம் அது இருக்கும். தூசியும் சருகும் அடைத்த ஃபில்டரை மாற்ற ஆகும் செலவு, வாயு நிரப்பும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு.

சாலையில் வேகமாகச் செல்லும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெப்பக்காற்று வருகிறது என்றால், ஐயம் முதலில் கண்டென்சர் மீதும் அதன் விசிறி மீதும் விழ வேண்டும். ஓடும் காரில் எதிர்க்காற்றே வெப்பத்தை அகற்றிவிடும். நிற்கும் காரில் விசிறிதான் அதைச் செய்தாக வேண்டும். விசிறி சுழலவில்லையெனில், பழுது ஒரு ஃபியூஸிலோ ரிலேயிலோகூட இருக்கலாம். கண்டென்சரின் இதழ்களில் புழுதியும் பூச்சிகளும் படிந்திருந்தாலும் இதே விளைவுதான்.

முதல் அரைமணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பின்னர் காற்றே வராமல் போய், சிறிது நேரம் நிறுத்திவைத்தால் மீண்டும் சரியாகிறது என்றால், கூலிங் காயிலில் பனிக்கட்டி படிகிறது. காயிலின் வெப்பநிலையை உணரும் சென்சார் பழுதாவதோ, காற்றோட்டம் தடைபடுவதோ இதற்குக் காரணமாகலாம். முன்னிருக்கைக்குக் கீழே தரைவிரிப்பு நனைந்திருந்தால், காயிலில் திரளும் நீரை வெளியேற்றும் குழாய் அடைத்திருக்கிறது. அதை நீக்கினால் போதும்.

வெப்பநிலையைத் தானே நிர்ணயிக்கும் 'கிளைமேட் கண்ட்ரோல்' வசதி உள்ள கார்களில் இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. அங்கே காருக்குள் ஒரு சென்சார், வெளியே ஒரு சென்சார், பல கார்களில் டேஷ்போர்டின் மேல் வெயிலை உணரும் ஒரு சென்சார் ஆகியவை தரும் தகவலைக்கொண்டே கட்டுப்பாட்டுக் கருவி முடிவெடுக்கிறது. டேஷ்போர்டில் விரித்த துணியோ, அதன்மேல் வைத்த சாமி படமோ அந்தச் சென்சாரை மறைத்தால், வெயிலே இல்லையெனக் கருவி எண்ணிக்கொள்ளும். சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் சிறு கதவை இயக்கும் மோட்டார் பழுதானால், ஒருபக்கம் குளிரும் மறுபக்கம் வெப்பமும் வரும். டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்ற ஒலியும் கேட்கலாம். இவற்றில் பலவற்றுக்கும் வாயுவுக்கும் தொடர்பே இல்லை.

காற்று வேகமாக வந்தும் எப்போதும் குளிர்ச்சியின்றி இருந்தால்தான் வாயுக் குறைவும் கம்ப்ரசர் பழுதும் முன்னணிக்கு வருகின்றன. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், அது கசிவின் தடயம். ஏனெனில் கம்ப்ரசருக்கான எண்ணெய், வாயுவோடு சேர்ந்தே சுற்றிவருகிறது. வாயு குறையும்போது அந்த எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்புவதும் குறைகிறது. கசிவைப் பொருட்படுத்தாத கார்களில் இறுதியில் கம்ப்ரசரே பழுதாவது இதனால்தான்.

இதற்குமேல் கண்டறிவது தொழில்நுட்பரின் பணி. குறைந்த அழுத்தம், உயர் அழுத்தம் ஆகிய இரண்டையும் காட்டும் இரட்டை அளவுமானியை அவர் பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டும் இயல்பைவிடக் குறைவென்றால் வாயு குறைந்திருக்கலாம். இரண்டும் அதிகமென்றால் கண்டென்சரில் வெப்பம் வெளியேறவில்லை அல்லது வாயு மிகுதியாக நிரப்பப்பட்டுள்ளது. குறைந்திருக்க வேண்டியது உயர்ந்தும், உயர்ந்திருக்க வேண்டியது தாழ்ந்தும் இருந்தால் கம்ப்ரசர் வலுவிழந்திருக்கலாம். கசிவைக் கண்டறிய நைட்ரஜன் அழுத்தச் சோதனை, புற ஊதா ஒளியில் மிளிரும் சாயம் போன்ற வழிகள் உள்ளன. பழுது நீக்கியபின் வெற்றிடப் பம்பு மூலம் ஈரத்தையும் காற்றையும் அகற்றி, பானெட்டுக்குக் கீழே ஒட்டப்பட்டுள்ள குறிப்பில் உள்ள அளவுக்கு, எடைபோட்டு வாயுவை நிரப்ப வேண்டும். கூடுதலாக நிரப்பினால் குளிர்ச்சி கூடாது, குறையும்.

இவ்வளவும் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததே. ஆயினும் பல இடங்களில் இது நடைபெறுவதில்லை. ஏன்? இங்கேதான் பொருளியல் நுழைகிறது.

பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, தரமான பொருளுக்கு உரிய விலை கிடைக்காமல், தரமற்றதே சந்தையில் நிலைக்கும் என்பது அவரது வாதம். இதுபோன்ற ஆய்வுகளுக்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. டார்பி, கார்னி எனும் இருவர் 1973-இல் இன்னொரு வகையைச் சுட்டினர்: பெற்ற பின்னரும்கூட அது தேவைதானா என்று நுகர்வோரால் கணிக்க முடியாத சேவைகள். வாகனப் பழுதுபார்ப்பு அதற்குச் சரியான சான்று.

நம் ஊர்த் தொழில்நுட்பருக்கு வாயுவிலும் உதிரிபாகத்திலும் வருமானம் உண்டு. கோளாறைத் தேடும் நேரத்துக்கு ஊதியம் இல்லை. ஒரு மணி நேரம் கசிவைத் தேடி, "விசிறியின் ரிலே மட்டும்தான் பழுது" என்று நேர்மையாகச் சொல்பவருக்கு அந்த ஒரு மணி நேரக் கூலியைத் தர நாம் தயங்குகிறோம். பத்து நிமிடத்தில் வாயுவை நிரப்பி அனுப்புபவரிடம் மகிழ்ச்சியோடு பணம் கொடுக்கிறோம். சில வாரங்களில் குளிர்ச்சி குறைந்தால் வெயிலைக் குறைகூறுகிறோம். குற்றம் தனிமனிதரின் நாணயத்தில் மட்டும் இல்லை. எதற்குப் பணம் தருகிறோம் என்பதிலும் இருக்கிறது.

இந்தச் சிக்கலின் இன்னொரு வடிவத்தைக் காஞ்சிபுரம் நன்கு அறியும். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பது புடவை வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஐயத்தைப் போக்கத்தான் ஜரிகைப் பரிசோதனையும், 2004-இல் தொடங்கப்பட்ட 'சில்க் மார்க்' முத்திரையும், 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் வந்தன. கண்ணால் காண முடியாத தரத்தை அளந்து, எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தால் நேர்மையான நெசவாளருக்கும் நன்மை, வாங்குபவருக்கும் நன்மை. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என உலகச் சந்தைக்குக் கார் தயாரிக்கும் ஆலைகள் நிறைந்த இந்த மாவட்டத்தில், கார் பழுதுபார்ப்புக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை என்பது முரண்.

பணத்தைத் தாண்டிய இழப்பும் உண்டு. இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் உள்ளது 'ஆர்-134ஏ' எனும் வாயு. ஓசோன் படலத்தைச் சிதைத்த பழைய 'ஆர்-12'-க்கு மாற்றாக, 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்தது அது. ஓசோனுக்கு அதனால் தீங்கில்லை. ஆனால், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும் திறன் அதற்கு உண்டு. அரை கிலோ வாயு கசிந்தால், அது ஏறத்தாழ 715 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று கொண்டால், இது 310 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு முப்பது முறை போய்வருவதற்கு ஒப்பான மாசு, ஒரு தேய்ந்த ரப்பர் வளையத்தின் வழியே ஓசையின்றி வெளியேறிவிடுகிறது.

2016-இல் உருவான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. அதன்படி இவ்வகை வாயுக்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைத்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு நெறிமுறை, வழக்கத்துக்கு மாறான அளவில் வாயு கசிந்த காரில் அதைப் பழுதுநீக்காமல் மீண்டும் வாயு நிரப்பக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் கார் குளிர்சாதனத்தில் கைவைக்கும் தொழில்நுட்பருக்குச் சான்றிதழ் கட்டாயம். நம் நாட்டிலும் 2019-இல் வெளியான குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சியும் சான்றும் அளிப்பதை இலக்காக வைத்தது. அந்தப் பயிற்சி, கூரைத் தகட்டின் கீழ் இயங்கும் சிறிய கார் பட்டறைகளையும் எட்ட வேண்டும். இரட்டை அளவுமானி, வெற்றிடப் பம்பு, வாயுவை மீட்டுச் சேமிக்கும் கருவி ஆகியவற்றை வாங்க அவர்களுக்கு எளிய கடன் கிடைக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நுகர்வோர் காத்திருக்கத் தேவையில்லை. "கேஸ் நிரப்புங்கள்" என்பதற்குப் பதிலாக, "எங்கே கோளாறு என்று பார்த்துச் சொல்லுங்கள், பார்த்ததற்கான கூலியைத் தருகிறேன்" என்று கேட்கலாம். நிரப்புவதற்கு முன்பும் பின்பும் இருந்த அழுத்த அளவுகளையும், நிரப்பிய வாயுவின் வகையையும் எடையையும் ரசீதில் எழுதி வாங்கலாம். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்கலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று தீப்பற்றக்கூடிய மாற்று வாயுக்களை நிரப்ப ஒருபோதும் இசையக் கூடாது. சேவையில் குறைபாடு இருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடலாம்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாடகைக் கார் ஓட்டுநருக்குக் கோடைக்காலம்தான் வருமானக் காலம். அந்த நாள்களில் மூன்று முறை வாயு நிரப்பச் செலவிடுவதும், ஒருமுறை கசிவை அடைக்கச் செலவிடுவதும் ஒன்றல்ல. கோளாறைக் கண்டறியும் அறிவுக்கு உரிய விலையைக் கொடுக்க நாம் பழகினால், அந்த அறிவு நம் ஊர்ப் பட்டறைகளில் தானே வளரும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), காஞ்சிபுரம்.