முரண்பாட்டை அவிழ்த்தால் அடுப்பு எரியும்

1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. வெளிச்சம் வேண்டும், எண்ணெயோ செலவாகக் கூடாது. இந்த இக்கட்டில் பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அதில் கொஞ்சம் எண்ணெய், ஒரு சிறு திரி. எண்ணெய் வைத்த அதே போத்தலே காற்றைத் தடுக்கும் சிமினியாகவும் நின்றது.

சோவியத் நாட்டவரான கென்றிக் அல்ட்ஷுல்லர் 1946 முதல் பெருந்தொகையான காப்புரிமைப் பத்திரங்களை ஆராய்ந்து கண்டதும் இதுவே. சிறந்த கண்டுபிடிப்பு ஒரு முரண்பாட்டைத் தீர்க்கிறது. ஒன்றைப் பெற மற்றதைக் கைவிடாமல், கையிலுள்ள பொருளுக்கே இன்னொரு வேலையையும் கொடுக்கிறது. இம்முறையை 'ட்ரிஸ்' என்பர். கழிவிலிருந்து எரிவாயு பெறும் முயற்சியில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்துக் காற்றுப் புகாத தாங்கியில் விட்டால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து வாயுவைத் தருகின்றன. அதில் ஏறக்குறைய 60 வீதம் மீதேன். அது புகையின்றி எரியும். ஒரு கிலோ சாணம் சுமார் 40 லீற்றர் வாயு தரும். மிஞ்சும் கரைசல் தோட்டத்துக்குப் பசளையாகும்.

இந்தியாவின் கதர் கிராமக் கைத்தொழில் ஆணைக்குழு பரப்பிய அமைப்பில், கவிழ்த்த இரும்புப் பீப்பா ஒன்று மேலெழுந்து வாயுவைச் சேமித்தது. ஆனால் இரும்புக்கு விலை அதிகம், துருவும் பிடிக்கும். பீப்பாவை அகற்றினால் வாயுவை எங்கே சேமிப்பது? சீனரின் நிலக்கீழ்க் குவிமாடம் விடை சொன்னது. சேரும் வாயு கரைசலைப் பக்கத் தொட்டிக்குத் தள்ளும். வாயுவைப் பாவிக்கும்போது கரைசல் திரும்பி வந்து அமுக்கும். இரும்பின் வேலையைக் கரைசலே செய்தது. 1984இல் இந்தியாவில் உருவான 'தீனபந்து' அமைப்பும் இவ்வழியில் வந்ததே.

நமது முரண்பாடு வேறு. இடம்பெயர்ந்து பிறர் காணியில் இருக்கும் குடும்பம் குவிமாடம் கட்ட முடியாது. கட்டினாலும் போகும்போது விட்டுப் போகவேண்டும். மாடுகளும் இல்லை. இதற்குப் பொருந்துவது, புனேயில் ஆனந்த் கார்வேயின் நிறுவனம் 2003இல் உருவாக்கிய அமைப்பு. இரண்டு பிளாஸ்ரிக் தண்ணீர்த் தாங்கிகளை வெட்டி, சிறியதைப் பெரியதற்குள் கவிழ்க்கிறார்கள். தொடக்கத்துக்கு மட்டும் சாணக் கரைசல்; பின்பு பழஞ்சோறு, அழுகிய பழம், பழுதான மா என்பவையே தீனி. வேறிடம் போக நேர்ந்தால் வெறுமையாக்கி லாண்ட்மாஸ்ரரில் ஏற்றலாம்.

இன்னொரு பாடமும் உண்டு. இவ்வாயுவில் அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டு சிறிதளவு கலந்திருக்கும். அது நஞ்சு, அடுப்பையும் அரிக்கும். துருப்பிடித்த இரும்புத் தும்பு அடைத்த குழாயூடாக வாயுவை விட்டால், துரு அதைப் பிடித்துவிடும். பீப்பாவைக் கெடுத்த துருவே இங்கே வாயுவைச் சுத்தமாக்குகிறது.

சில எச்சரிக்கைகள்: முதலில் வரும் வாயுவில் காற்றுக் கலந்திருக்கும், அதைக் கொளுத்தாமல் திறந்த வெளியில் விடுங்கள். கசிவைச் சவர்க்கார நீரால் பாருங்கள், நெருப்பால் அல்ல. தீனியை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் கரைசல் புளித்து வாயு நின்றுவிடும்.

சிறு தாங்கி விறகை முற்றாக ஒழிக்காது, குறைக்கும். தாங்கி வாங்குமுன் வீட்டார் கூடி இருந்து இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எமக்கு எது எதனோடு முரண்படுகிறது? இங்கே ஏற்கனவே கிடக்கும் எந்தப் பொருள் அந்த வேலையைச் செய்யும்?