டிராக் ரேஸ் எஞ்சினில் கிராங்க் கேஸ் அழுத்தம்

கால் மைல், அதாவது 402 மீட்டர். டிராக் ரேஸ் கார் அதைச் சில விநாடிகளில் முழு ஆக்சிலரேட்டரில் கடந்துவிடும். அப்போது எரியறையில் எழும் வாயுவில் ஒரு பங்கு, பிஸ்டன் ரிங்குகளின் இடைவெளியில் நழுவிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்குகிறது. புது எஞ்சினிலும் இது உண்டு. டர்போ பூட்டினால் இன்னும் கூடும்.

அந்த வாயு வெளியேற வழி போதாவிட்டால் டிப்ஸ்டிக் மேலெழும்பும், ஆயில் சீல் கசியும். கீழிருந்தும் அழுத்தம் வருவதால் ரிங் சரியாகப் படியாமல் எண்ணெய் எரியறைக்குள் ஏறி, எஞ்சின் 'நாக்' அடிக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, கசிந்த எண்ணெய் பின் டயருக்கடியில் போவதுதான். அந்த வேகத்தில் அது ஓட்டுநரின் உயிரோடு விளையாடுவது.

சாலைக் கார்களில் இந்த வாயுவை வெளியே இழுக்கும் பிசிவி வால்வு இங்கே உதவாது. அது இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சலை நம்பியது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்ததும் அந்த உறிஞ்சல் ஏறக்குறைய இல்லாமல் போகும். அதனால் முதல் வேலை, வால்வு கவர்களிலிருந்து அகலமான குழாய்களை எடுத்து, எண்ணெயைப் பிடித்துவைக்கும் டப்பாவில் விடுவது. டப்பாவுக்குள் தடுப்புத் தகடு இல்லையென்றால் வாயுவோடு எண்ணெயும் கொட்டும்.

சிலர் எக்ஸாஸ்ட் குழாயில் ஒருவழி வால்வோடு சாய்வுக் குழாய் பொருத்தி, பாயும் புகையையே உறிஞ்ச வைக்கிறார்கள். செலவு குறைவு. ஆனால் சைலன்சரோ டர்போவோ புகையை எதிர்த்துத் தடுத்தால் அது பலிக்காது.

உறுதியான வழி, பெல்ட்டில் ஓடும் வேக்வம் பம்ப். வழக்கமாக 10 முதல் 15 அங்குலப் பாதரச அளவுக்கு உறிஞ்சவைப்பார்கள். ரிங் நன்றாகப் படிவதால், இறுக்கம் குறைந்த ரிங்குகளைப் போட்டு உராய்வையும் குறைக்கலாம், சக்தி கூடும். அளவு மீறினால், பிஸ்டன் பின்னை நனைக்கும் எண்ணெய்த் திவலையும் குறைந்து பின் தேயும். அதற்காகவே கட்டுப்பாட்டு வால்வு வைக்கிறார்கள். புரோ ஸ்டாக் வகை டிராக் ரேஸ் கார்களில், எண்ணெயைத் தனித் தொட்டிக்கு அனுப்பும் டிரை சம்ப் பம்பே எண்ணெயையும் காற்றையும் சேர்த்து இழுத்துவிடும்.

பம்ப் வாங்குமுன் லீக்-டவுன் சோதனை செய்யுங்கள். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, எண்ணெய் ஊற்றும் வாயில் காதை வையுங்கள். கொஞ்சம் சீறல் எப்போதும் இருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடப் பலமாகச் சீறினால், முதலில் அந்தப் பிஸ்டனைக் கழற்றி ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் பார்க்க வேண்டும்.