டப்பாவைப் பிரிப்பதற்கு முன்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். ஒரு சக்கரத்துக்கு 16 காசு. பிரிட்டிஷ் இந்திய ரூபாயை நீட்டினால் 28 சக்கரத்தோடு 8 காசும் சேர்த்துத் தருவார்கள். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர்களுக்கும், குமுளி வழியாகக் கம்பம் சந்தைக்கு இறங்கியவர்களுக்கும் அந்த எட்டுக் காசு அன்றாடக் கணக்கு. இரண்டு அரசாங்கத்தின் காசும் ஒரே சுருக்குப் பையில் கிடந்தது. வடக்கே பாலக்காட்டுப் பக்கம் இன்னும் சிக்கல். பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. பக்கத்திலிருக்கும் சித்தூர் கொச்சி ராஜ்யம். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. சில மைல் நடைக்குள் அரசு மாறியது, அதற்கும் முந்தைய தலைமுறைகளில் காசும் மாறியது.

இந்த எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களில் பாட்டி பெட்டியில் இருந்து வரும் பழைய காசு டப்பா, சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ வருவது போல ஒரே அரசின் காசாக இருக்காது. சங்கு பொறித்த திருவிதாங்கூர் செப்புக் காசு, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய், கொச்சியின் புத்தன், அதிர்ஷ்டம் இருந்தால் கோழிக்கோட்டு சாமூதிரியின் வீரராயன் பணம் ஒன்று. கூடவே தாமரை போட்ட 20 பைசா. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. அது வெறும் பித்தளை நிறக் கலவைதான், தங்கம் துளியும் கிடையாது.

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்த டப்பாக்கள் கடைவீதிக்கு வருகின்றன. அங்கே நடக்கிற பேச்சு அநேகமாக ஒரே மாதிரி.

“அண்ணே, மொத்தமா என்ன தருவீங்க?”

“மொத்தமா வேணாம் தம்பி. இந்த அஞ்சை மட்டும் எடுத்துக்கறேன். மிச்சத்த வீட்டுலயே வச்சுக்க, பிள்ளைங்க விளையாடும்.”

அந்த ஐந்தும் வெள்ளியாக இருக்கும். மிச்சம் செம்பு. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு உலோகம்தான் தெரியும், எடைதான் தொழில். ஆனால் அந்த நிமிடத்தில் டப்பாவின் உயிர் போய்விடுகிறது. வெள்ளி போனபின் மிஞ்சும் செப்புக் காசுகளைச் சேகரிப்பாளர்கள் பலர் சீந்த மாட்டார்கள். விற்கலாமா, மாற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. முதல் கேள்வி, சேர்ந்து வந்தவை சேர்ந்தே இருக்கப் போகின்றனவா என்பது.

ஒரு உதாரணம். சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துத் திருவிதாங்கூர் காசுகள்: ஒரு காசு, நாலு காசு, எட்டுக் காசு, சக்கரம், பணம், கால் ரூபாய், அரை ரூபாய். ஏழும் சேர்ந்தால் ஒரு வரிசை. இவற்றில் பெரிய காசுகள் பலவற்றில் கொல்லம் ஆண்டு இருக்கும். 1116 என்று இருந்தால் 825-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், 1941 ஒட்டி வரும். தனித்தனியாக இவை அபூர்வமில்லை. ஆனால் ஒரு சமஸ்தானம் தன் கடைசிக் காலத்தில் எப்படிக் கணக்குப் பார்த்தது என்பதை இந்த ஏழும் வரிசையாக நின்றால்தான் சொல்லும். அரை ரூபாயை மட்டும் உருவி விற்றால், நாளைக்கு அந்த இடத்தை நிரப்ப விற்ற விலைக்கு வாங்க முடியாது.

திருவிதாங்கூரின் பழைய வெள்ளிச் சக்கரம் இன்னும் சுவாரசியமானது. மிளகைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். கையால் எண்ணினால் நாள் போதாது என்பதால் கஜானாவில் குழி குழியாகப் பள்ளம் வெட்டிய பலகை வைத்திருந்தார்கள். அதன்மேல் சக்கரங்களைக் கொட்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மீதியை வழித்துவிடலாம். நூறு குழி என்றால் நூறு சக்கரம். அந்தப் பலகை கிடைத்த வீட்டில் அதை விறகோடு போட்டுவிடாதீர்கள். காசைவிட அரிதான பொருள் அது.

சரி, வெள்ளி ரூபாய்க்கு வருவோம். எடைக்குப் போடுவதென்றாலும் தெரிந்து போட வேண்டும். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1939 வரை அடித்ததில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போர்க்காலத்தில், 1940 முதல், அது பாதியாகக் குறைந்தது. 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல். வெள்ளி ரூபாய்கள் முந்தியவையும் போர்க்காலத்தவையும் பார்வைக்கு ஒரே அளவு. எல்லாவற்றையும் ஒரே குவியலாகத் தராசில் ஏற்றினால் நஷ்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

எடையைத் தாண்டி ஆண்டும் இருக்கிறது. 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை உண்டு. துதிக்கை குட்டையாக விழுந்து, பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. கூச்சல் கிளம்பியது, 1912-ல் அச்சைத் திருத்திவிட்டார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1939-ம் ஆண்டு ரூபாய் அதைவிடக் கிடைப்பதற்கு அரிது; அதனாலேயே போலியும் அதிகம். இப்படி ஒன்று டப்பாவில் இருந்து, அதை வெள்ளி விலைக்குக் கொடுத்துவிட்டால் திரும்ப வராது. ஆண்டைப் படிக்காமல் எந்த ரூபாயையும் கடை வாசலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

காசுக் குவியல் கலைந்தால் என்ன போகும் என்பதைப் பாலக்காட்டுக் கணவாய் நன்றாக அறியும். மேற்குக் கடற்கரைக்கு வந்த ரோமக் காசு கிழக்கே நுழைந்த வாசல் அது. 1800 வாக்கில் பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய ரோம வெள்ளிக் காசு கிடைத்தது. 1842-ல் கோவை வெள்ளலூரில் ஐந்நூறுக்கும் மேல். மறையூர்ச் சாலை இறங்கிவரும் உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் இன்னொரு புதையல். 1847-ல் கண்ணூர் அருகே கோட்டயம் என்ற சிற்றூரில் தங்கக் காசாகவே கிடைத்தது. ஐந்து கூலியாள் சுமை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதிகாரிகள் வந்துசேர்வதற்குள் அதில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. மிஞ்சியது சில நூறு.

இதற்கு நேர்மாறாக, 1946-ல் திருச்சூர் மாவட்டம் எய்யாலில் கிடைத்த குவியல் கலையாமல் பதிவானது. ரோமத் தங்கக் காசு 12, ரோம வெள்ளிக் காசு 71, முத்திரை குத்திய நம் நாட்டு வெள்ளிக் காசு 34. முத்திரைக் காசில் மன்னன் பேர் கிடையாது, ஆண்டு கிடையாது; சூரியன், மலை போன்ற குறிகள்தான். தனியாக ஒன்றைக் கையில் கொடுத்தால் எந்தக் காலம் வரை அது புழங்கியது என்று எவராலும் சொல்ல முடியாது. ரோமப் பேரரசர்களின் காசோடு ஒரே இடத்தில் கிடந்ததால்தான், ரோம வணிகம் நடந்த நாளிலும் அது செல்லுபடியான பணமாக இருந்தது என்று தெரிந்தது. அந்த 34 காசுகளையும் யாரோ பிரித்து விற்றிருந்தால் வெள்ளித் துண்டு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் விற்பனையே கூடாதா? அப்படிச் சொன்னால் வரலாற்றுக்கே துரோகம். மறையூர் மலையில் பிறக்கும் பாம்பாறு அமராவதியாகிக் கரூர் போகிறது. அங்கே ஆற்று மணலைச் சலித்தவர்கள் கண்டெடுத்த காசுகள் பழைய உலோகமாகக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. உருக்குக் கலத்துக்குப் போகாமல் அவற்றைக் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றியவர்கள் சேகரிப்பாளர்கள். மாக்கோதை என்று பெயர் பொறித்த சேரன் காசு, கொல்லிப்பொறை காசு எல்லாம் கரூர் தந்தவை. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி இப்படி வாங்கி, சுத்தம் செய்து, எழுத்தைப் படித்து, சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றி 1997-ல் நூலே வெளியிட்டார். சந்தை இல்லாதிருந்தால் காசில் பதிந்த மாக்கோதையின் முகத்தை நாம் பார்த்திருக்க மாட்டோம். யாரிடம் விற்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் போகும் காசு பிழைத்துக்கொள்ளும்.

மாற்றிக்கொள்வது இன்னும் நல்ல வழி என்பது என் எண்ணம். கோவையிலும் கொச்சியிலும் நடக்கும் நாணயக் கண்காட்சிகளில் மேசைக்கு மேசை இதுதான் நடக்கிறது. உங்களிடம் திருவிதாங்கூர் எட்டுக் காசு மூன்று இருக்கும், பணம் என்ற காசு ஒன்றும் இருக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பணம் இரண்டு இருக்கும். இரட்டையாக இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்கிக்கொண்டால் இரண்டு வரிசையும் நிறையும். ஒற்றையாக இருப்பதை மட்டும் எவ்வளவு ஆசை காட்டினாலும் கொடுக்காதீர்கள். மதிப்புப் போடும்போது இருவர் காசுக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும்: என் காசுக்குக் கண்காட்சி விலை, உன் காசுக்கு உருக்கு விலை என்று பேசுபவரிடம் எழுந்துவிடுவது உத்தமம். தேய்மானத்தையும் பாருங்கள். சங்கின் வரிகள் தெரியும் காசும் மழுங்கிப்போன காசும் ஒன்றல்ல.

இந்த இடத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். செம்பில் ஏறிய கருமையும் களிம்பும் அந்தக் காசின் வயதுச் சான்று. பளபளவென்று துலக்கிக் கொண்டுவந்த காசைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர் முகம் வாடிவிடும், விலையும் இறங்கிவிடும். மெல்லிய துணியில் தூசி தட்டினால் போதும்.

வெளிநாட்டு நண்பருடன் தபாலில் மாற்றிக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நூறாண்டு கடந்த காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியாள் அதை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது. அந்தப் பன்றி ரூபாய் எப்போதோ அந்த வரம்புக்குள் வந்துவிட்டது.

அரசு நாணயசாலைகள் பெட்டியில் வைத்து விற்கும் நினைவு நாணய செட்டுகள் தனி ரகம். 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் வெள்ளி, 2003 காமராஜர், 2009 அல்போன்சாம்மா, 2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த ஆயிரம் ரூபாய் நாணயம் என்று வாங்கி அடுக்கியவர்கள் ஏராளம். பிள்ளையின் படிப்புக்கு ஆகும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான், பிரியத்துக்கு வாங்குங்கள். விற்பதானால் உறையைப் பிரிக்காமல், சான்றிதழ் அட்டையோடு, முழு செட்டாகக் கொடுங்கள்.

வீட்டுப் பெட்டியில் வந்த காசுக்குத்தான் இத்தனை பேச்சும். மண்ணில் கிடைத்ததற்கு விற்பனையும் இல்லை, மாற்றமும் இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம், கேரளத்தில் 1968-ம் ஆண்டுச் சட்டம். எந்தப் பக்கம் கிடைத்தாலும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்ஙளாயியில் மழைக்குழி வெட்டிய நூறுநாள் வேலைப் பெண்களின் மண்வெட்டியில் ஒரு பாத்திரம் தட்டுப்பட்டது. வெடிகுண்டோ என்று பயந்து தூக்கி எறிந்தார்கள்; உடைந்து தங்கம் சிதறியது. பொறுக்கி, பஞ்சாயத்துக்குச் சொல்லி, போலீசில் ஒப்படைத்தார்கள். உள்ளே வெனிஸ் நகரத்துத் தங்கக் காசு, வீரராயன் பணம், கண்ணூர் அலி ராஜாவின் காசு, பிரெஞ்சுப் புதுச்சேரிக் காசு. ஒவ்வொன்றும் முன்பே பலர் பார்த்த காசுதான். நான்கு அரசின் பணமும் ஒரே வீட்டில் இருந்ததை அந்தப் பெண்களின் நேர்மையால்தான் அறிந்தோம். அன்றாடம் கூலிக்கு மண் சுமப்பவர்கள் ஒரு காசைக்கூட மடியில் முடியவில்லை என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

பழைய ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம் தருகிறோம், முன்பணமாக வரி கட்டுங்கள் என்று போனில் வருபவர்களை நம்ப வேண்டாம். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி குறித்து எச்சரித்தது.

கடைசியாக, பாகப்பிரிவினை. டப்பா கலைவது கடையில் மட்டுமில்லை, கூடத்திலும்தான். மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்குக் கொஞ்சம் என்று கூறுபோட்டுவிடுகிறார்கள். நகையை அப்படிப் பிரிக்கலாம். காசு வரிசையை ஒருவர் முழுதாக எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பணமாகக் கணக்குத் தீர்க்கட்டும். ஒருவருக்கும் மனமில்லை என்றால் கேரளத் தொல்லியல் துறையின் நாணய அருங்காட்சியகம் நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனையில் இருக்கிறது, தமிழ்நாட்டில் எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே எழுதிக் கேட்கலாம். எந்த முடிவுக்கு வந்தாலும், அதற்கு முன் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டத்துச் சம்பளம், எந்தச் சந்தையில் கிடைத்தது, யார் சுருக்குப் பையில் இருந்தது. அந்தத் தாளையும் டப்பாவுக்குள்ளேயே வையுங்கள். யார் வாங்கினாலும் காசோடு சேர்த்துக் கொடுங்கள்.