ரங்கூன் போட்டோவில் மடியில் இருந்த குழந்தை யார்? 80 வருஷ மர்மம் துலங்கியது!

கேசுகளில் போலீசார் துப்புத் துலக்குவதைப் பல தடவை பார்த்து எழுதியிருக்கிறேன். போன மாதம் அந்த வேலையை என் வீட்டிலேயே செய்ய வேண்டி வந்தது.

பீரோவை ஒழித்தபோது ஒரு பழைய போட்டோ கிடைத்தது. நாற்காலியில் ஒரு பெண். மடியில் கைக்குழந்தை. பின்னால் திரையில் வரைந்த தூணும் தோட்டமும்.

அந்தப் பெண் என் பாட்டியின் அம்மா. குழந்தை, பாட்டி. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அது தப்பு!

முதுகைத் திருப்புங்கள்

பழைய போட்டோ கிடைத்தால் நாம் முகத்தைத்தான் உற்று உற்றுப் பார்க்கிறோம். வருஷம் தெரிய வேண்டுமானால் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

தடித்த அட்டையில் ஒட்டி, அடியில் ஸ்டுடியோ பெயர் அச்சடித்திருந்தால் அநேகமாக 19-ம் நூற்றாண்டின் கடைசி அல்லது அடுத்த இருபது, முப்பது வருஷம். பின்பக்கம் தபால் கார்டு மாதிரி நடுவில் கோடு போட்டிருந்தால் 1902-க்குப் பிறகு. அந்த வருஷம்தான் பிரிட்டனில் முகவரிப் பக்கத்திலேயே கடிதமும் எழுதலாம் என்று விட்டார்கள். வழவழவென்று பிளாஸ்டிக் பூசிய காகிதமா? 1970-ஐ ஒட்டித்தான் வந்தது.

எங்கள் போட்டோவில் நடுக்கோடு இருந்தது. ரங்கூன் ஸ்டுடியோ ஒன்றின் ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. மூலையில் மசி எழுத்தில், "தாது ௵ தை ௴".

௵ என்றால் வருஷம். ௴ என்றால் மாதம். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் எழுதும் சுருக்கெழுத்து.

மூன்று தாது வருஷம்!

இங்கேதான் சிக்கல். தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒரு முறை திரும்ப வரும். தாது வருஷம் 1876-ல் வந்தது. பெரிய பஞ்சம் வந்த வருஷம் அதுதான். பிறகு 1936. பிறகு 1996.

நடுக்கோடு இருப்பதால் 1876 கழிந்தது. மிச்சம் இரண்டு.

தெரு முனை மளிகைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட்டு இருக்கிறதல்லவா, அதன் அடியில் வைத்தேன். 1950-களிலிருந்துதான் போட்டோக் காகிதத்தில் வெளுப்பு கூட்ட ஒரு ரசாயனம் சேர்த்தார்கள். அது இருந்தால் காகிதம் நீலமாகப் பளிச்சிடும். எங்கள் கார்டு மங்கலாகவே கிடந்தது. (பளிச்சிட்டால் புதுசு என்பது நிச்சயம். பளிச்சிடாததால் மட்டும் பழசு என்று சத்தியம் பண்ண முடியாது.) கடைக்காரர் அண்ணாச்சி, "நோட்டு செல்லாதுப்பா" என்று சிரித்தார்.

ஆக, 1936-ல் தொடங்கிய தாது. அதன் தை மாதம் என்றால் 1937 ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி பாதிக்குள்.

பாட்டியின் ஜாதக நோட்டை எடுத்தேன். "பிரமாதி ௵ ஆடி ௴". அதாவது 1939!

பிறப்பதற்கு இரண்டரை வருஷத்துக்கு முன்பே மடியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள முடியுமா? பள்ளிக்கூட சர்டிபிகேட்டாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அதில் வயசைக் கூட்டிக் குறைத்துப் போடுவது சகஜம். ஜாதகத்தில் யார் பொய் எழுதுவார்கள்?

கோட்டை நம்பாதீர்கள்

உடுப்பைப் பார்த்து ஆளையோ அந்தஸ்தையோ முடிவு செய்தால் ஏமாந்து போவீர்கள். கோட்டு, கைக்கடிகாரம் எல்லாம் ஸ்டுடியோவிலேயே இரவல் கொடுப்பார்கள். பூமாலை போட்டு மாட்டியிருக்கும் பெரிய படம் பல வீடுகளில் சின்னப் படத்தைத் திரும்பப் படம் பிடித்துப் பெரிதாக்கியது. அப்போது காகிதத்தின் வயசு வேறு, ஆளின் வயசு வேறு.

முந்தானை வழக்கத்துக்கு மாறான தோளில், சட்டைப் பித்தானும் மாறி இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கலாம்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே வைத்து மேலாகப் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் பார்த்தாலும் வருஷம்தான் கிடைக்கும். பெயர் கிடைக்காது. பெயர் மனுஷாள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

பாட்டி வாக்குமூலம்

பாட்டிக்கு 85 வயசு தாண்டிவிட்டது. கார்டைக் கையில் கொடுத்து, "பாட்டி, இது நீங்க இல்லையே?" என்றேன்.

வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எங்க அக்காடா. எனக்கு மூத்தவ."

அக்கா என்று ஒருத்தர் இருந்ததே எங்கள் யாருக்கும் தெரியாது!

1941 டிசம்பர் 23-ந் தேதி ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 1942-ல் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் காட்டிலும் மலையிலும் நடந்தே மணிப்பூர், அசாம் பக்கம் வந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம்.

"நான் இடுப்புக் குழந்தை. அம்மா என்னைத் தூக்கிக்கிட்டா. அக்காவுக்கு அஞ்சு, ஆறு வயசு இருக்கும். நடந்து வந்தா. பாதியிலே வாந்தி பேதி. ஒரே நாள்தான். அம்மா இதை என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் சொன்னா. இந்த ஒரு படத்தை மட்டும் புடவையிலே முடிஞ்சு கொண்டு வந்தா."

"எங்ககிட்ட ஏன் பாட்டி சொல்லலே?"

"நீங்களா நான்தான்னு சொல்லிக்கிட்டீங்க. அம்மா இருந்த வரைக்கும் வாயைத் திறக்க முடியலே. அப்புறம், போகட்டும்னு விட்டுட்டேன். யாருடா கேட்டீங்க?"

பெயர் கேட்டேன். சொன்னார். இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மை ஊறும். அதனால் மெதுவான பென்சிலில் கார்டின் பின்னால், தாது வருஷத்துக்குக் கீழே, அந்தப் பெயரை எழுதினேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார்.

"றகரம் போடு. சின்ன ர போட்டுட்டே" என்றார். திருத்திக் கொடுத்தேன்.